எம்.சி. என்பவர் யார்? வேகமாகப் பாடுகிறவரா, கூட்டத்தைப் பிடித்து வைக்கிறவரா?

வாசகர் கேள்வி, ஜூன் 28

ராப் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம். எவ்வளவு வேகமாகப் பாடுகிறாரோ அவ்வளவு பெரிய எம்.சி. என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். எம்.சி. என்றால் விழாவைத் தொகுத்து நடத்துபவர்தானே? அந்தப் பெயர் ராப் பாடுகிறவர்களுக்கு எப்படி வந்தது? இரண்டும் ஒன்றா, வேறு வேறா?

ஜூன் 28, இரவு 11.10

வேகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அது பிறகு வரும். பதிலில் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது: மாஸ்டர் ஆஃப் செரிமனீஸ். நடத்துபவர் என்ற பொருளில்தான் இவர்களுக்கும் அந்தப் பெயர் வந்தது.

1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி எடுக்கப் பணம் சேர்க்க வேண்டும், அதற்காகத்தான். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டி.ஜே. கூல் ஹெர்க். பாட்டில் மற்றதெல்லாம் ஓய்ந்து டிரம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்று கவனித்தவர் அவர். அதே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்தத் துண்டை நீட்டினார்.

கை இரண்டும் தட்டில் இருந்தால் கூட்டத்தோடு பேச இன்னொரு ஆள் வேண்டும் அல்லவா? மைக்கோடு நின்றவர் நண்பர் கோக் லா ராக். வந்திருந்த கூட்டாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஆட்டம் தொய்ந்தால் நாலு வார்த்தை போட்டு ஏற்றிவிட்டார். முதல் எம்.சி. என்று அவரைத்தான் சொல்கிறார்கள். வரி எழுதி மனப்பாடம் செய்வதெல்லாம் பிறகு வந்தது.

ஜூன் 29, காலை

நேற்று எழுதியதில் ஒரு சிறு திருத்தம். ஹெர்க்கும் மைக்கில் பேசுவார். கோக் லா ராக் மட்டும்தான் பேசினார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. ராப் என்பது ஒரு செயல். பூட்டிய அறையில் தனியாக உட்கார்ந்தும் செய்யலாம். எம்.சி. ஆவதற்கு எதிரே நாலு பேராவது நிற்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் நான் இந்த இழை முழுக்கச் சொல்லப்போகிறேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 29, மாலை

இந்த மைக் பேச்சு ஜமைக்காவிலிருந்து வந்ததுதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஹெர்க் பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில், பிராங்ஸுக்கு வந்தது 1967-இல். கிங்ஸ்டன் தெருவில் பெரிய ஸ்பீக்கர் அடுக்கி, ஓடும் பாட்டின் மேல் மைக்கில் பேசிக் கூட்டம் சேர்ப்பது ஏற்கெனவே இருந்தது. கவுன்ட் மச்சுகி, யூ-ராய் எல்லாம் அந்த வழியில் பெரிய பெயர்கள். ஆனால் ஹெர்க்கே ஒரு பேட்டியில் அந்தத் தொடர்பை மறுத்து, அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பக்கம் கை காட்டியிருக்கிறார். அமெரிக்கக் கருப்பர்களின் வானொலியிலும் 1950-களிலேயே ஜாக்கோ ஹெண்டர்சன் போன்ற அறிவிப்பாளர்கள் எதுகை போட்டுத்தான் பேசினார்கள். எனக்கென்னவோ ஸ்பீக்கர் அடுக்கும் பழக்கம் தீவிலிருந்தும், பேச்சின் ருசி பிராங்ஸ் தெருவிலிருந்தும் வந்ததாகத் தோன்றுகிறது. ஆற்றுநீரைப் பிரித்து இது இந்த மலையில் விழுந்தது, அது அந்த மலையில் விழுந்தது என்று சொல்ல முடியாது.

ஜூலை 2

எழுதும் முறையைப் பற்றிக் கேட்டவருக்கு. அளவுக்குப் பெயர் பார். ஒரு பாருக்கு நான்கு அடி, அதாவது நான்கு தாளத் தட்டு. ஒன்றிலும் மூன்றிலும் கனமான கிக் டிரம், இரண்டிலும் நான்கிலும் பளிச்சென்று ஸ்னேர் டிரம். பழைய எளிய ராப்பில் இயைபு, அதாவது வரிக் கடைசியில் ஒலி சேர்வது, நான்காவது அடியில், அந்த ஸ்னேரின் மேல் போய் உட்காரும். வழக்கமாகப் பதினாறு பார் ஒரு பகுதி. பாடுகிறவருக்குப் பின்னால் ஓடும் தாள இசைதான் பீட். நிமிடத்துக்கு 90 அடி ஓடும் பீட்டில் பதினாறு பார் சுமார் அரை நிமிடம்.

இந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு எங்கே வாங்குவது என்பதுதான் பாதி வித்தை. நான் முதலில் மேடை ஏறியது 2011-இல், ஜெர்சி சிட்டியில் ஒரு காபிக் கடையின் பின்னறையில். வேலைக்காக அங்கே இருந்த காலம். வீட்டில் பதிவு செய்து, ஊர்க் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பி, எனக்கே பிடித்துப்போயிருந்த பதினாறு பார். பதிவில் நாலு நாலு பாராகப் பாடி ஒட்டியிருந்தேன். மேடையில் ஒன்பதாவது பாரிலேயே காற்று தீர்ந்துவிட்டது. வார்த்தை மறக்கவில்லை, எல்லாம் கண் முன்னால் நிற்கிறது, ஆனால் சொல்ல நெஞ்சில் ஒன்றும் இல்லை. பீட் என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. எதிரே இருந்தவர்கள் கை தட்டி என்னை மறுபடி தொடங்கச் சொன்னார்கள். அந்த அன்பை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து மூச்சு வாங்கும் இடத்தில் சாய்கோடு போட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ளதை நடந்துகொண்டே சொல்ல முடியவில்லை என்றால் அந்த வரியை வெட்டிவிடுவேன்.

ஜூலை 3

கணக்கு தவறு. ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், நன்றி. பதினாறு பாருக்கு 64 அடி. நிமிடத்துக்கு 90 என்றால் 42.7 விநாடி வரும். சரியாக அரை நிமிடம் வேண்டுமானால் பீட் 128-இல் ஓட வேண்டும், அந்த வேகத்தில் பதினாறு பார் பாடினால் என் மூச்சு ஆறாவது பாரிலேயே போயிருக்கும்.

மூச்சுக்குத் துணையாள் வைத்துக்கொள்வதும் உண்டு. வரியின் கடைசிச் சொல்லை அவர் சேர்ந்து சொல்வார், அந்த இடைவெளியில் பாடுகிறவர் காற்று இழுத்துக்கொள்வார். ஹைப் மேன் என்பார்கள். பப்ளிக் எனிமி குழுவில் சக் டி-க்கு ஃப்ளேவர் ஃப்ளேவ் இருந்தது போல. வெறும் கூச்சல் போடுகிறவர் என்று நினைத்திருந்தேன், அந்தக் காபிக் கடைக்குப் பிறகு அப்படி நினைத்ததில்லை.

ஜூலை 6

இயைபு நான்காவது அடியில் விழும் என்றேன். அதை உடைத்தவர் ராக்கிம். லாங் ஐலண்டுக்காரர், சாக்ஸஃபோன் வாசித்தவர், ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர். 1987-இல் டி.ஜே. எரிக் பி.யோடு அவருடைய முதல் ஆல்பம் வந்தபோது மற்றவர்கள் உரக்கக் கூவிக்கொண்டிருந்தார்கள். இவர் குரலை உயர்த்தவே இல்லை. ஒலி ஒப்புமையைப் பாரின் நடுவில் வைத்தார், ஒரு பாரில் தொடங்கிய வாக்கியத்தை அடுத்த பாரின் இடுப்பில் கொண்டுபோய் முடித்தார். ஊதுகுழல்காரர் மூச்சை நினைத்து வாசகம் அமைப்பதுபோல அமைத்தார். கேட்கிறவர் இங்கே முடியும் என்று காத்திருப்பார், முடியாது. வரி பீட்டின் மேல் ஓடும் விதத்தை ஃப்ளோ என்பார்கள், அதில் பெரும்பங்கு இந்த ஏமாற்றும் இடம்தான்.

ஜூலை 9

தமிழில் எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு குறிப்பு. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

நம் வாக்கியம் வினைச்சொல்லில் முடிகிறது. வந்தான், நின்றான், சென்றான். கடைசியில் ஒலி சேர்வது நமக்குச் சும்மாவே கிடைக்கிறது, சும்மா கிடைப்பதால் காதுக்குச் சப்பென்று இருக்கிறது. ஆங்கிலத்தில் இயைபைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் அங்கே அது பரிசு மாதிரி. நம்முடைய பரிசு வரியின் தலையில் இருக்கிறது: முதல் எழுத்தில் மோனை, இரண்டாம் எழுத்தில் எதுகை. அதாவது அவர்கள் நான்காவது அடியில் அடிக்கும் ஆணியை நாம் ஒன்றாவது அடியில் அடிக்கலாம். நான் நான்கு வருடம் வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிறகுதான் இது உறைத்தது.

அடுத்த சிக்கல் குறில் நெடில். அடிக்குப் பொருந்தவில்லை என்று ஆங்கிலத்தில் ஓர் உயிரொலியைக் கொஞ்சம் இழுத்துவிடலாம், அர்த்தம் மாறாது. தமிழில் படத்தை இழுத்தால் பாடம் ஆகிவிடும், கல் கால் ஆகிவிடும். அதனால் நாம் சொல்லை இழுக்காமல் சொல்லையே மாற்ற வேண்டியிருக்கிறது. மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்திராவும் 2006-இல் 'வல்லவன்' ஆல்பம் வெளியிட்டபோது, தமிழ் இந்த பீட்டில் உட்காருமா என்ற கேள்விக்கே விடை கிடைத்தது. அதில் குறிலும் நெடிலும் எங்கே விழுகின்றன என்று மட்டும் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள்.

ஜூலை 15

இன்று கொஞ்சம் கோபத்தில் எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் நான் ஒரு மாடிக் கூட்டத்தில் சொன்ன எட்டு பார், பிறகு வேறொரு மேடையில் வேறொருவர் வாயில் வந்தது. எழுத்து மாறாமல் வந்தது. நான் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் கை தட்டியது, நல்ல வரிகள்தானே. அவர் பெயர் வேண்டாம்.

இதற்குக் கடித்தல் என்று பெயர், பைட்டிங். இதுதான் இந்தக் கலையின் முதல் பாவம். உலகமெல்லாம் போன முதல் ராப் பாட்டே அப்படித்தான் வந்தது என்பது கொடுமை. 1979, சுகர்ஹில் கேங் குழுவின் 'ராப்பர்ஸ் டிலைட்'. நியூ ஜெர்சியில் ஒரு பீட்சா கடையில் வேலை செய்துகொண்டே ராப் பண்ணிய பிக் பேங்க் ஹேங்கைத் தயாரிப்பாளர் சில்வியா ராபின்சன் அந்தக் குழுவுக்காகக் கண்டுபிடித்தார். ஹேங்க் பாடியவை கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிராங்ஸ் எம்.சி.யின் வரிகள், அவர் நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தவை. காஸுக்கு முன்பு காசனோவா ஃப்ளை என்ற பட்டப்பெயர் உண்டு. அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் வரியைக்கூட மாற்றாமல் ஹேங்க் அப்படியே பாடிவிட்டார். இன்னொருவர் பெயரைத் தன் பெயர்போல உலகத்துக்கே சொன்னார். காஸுக்குப் பணமும் இல்லை, இசைத்தட்டு அட்டையில் பெயரும் இல்லை.

தன் வரியைத் தானே எழுதாதவர் எம்.சி. இல்லை. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

ஜூலை 16

இரண்டாம் பேச்சு இருக்கிறது. இரவு முழுக்க யோசித்தேன்.

'தி மெசேஜ்' 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், ஃப்யூரியஸ் ஃபைவ் பெயரில் வந்தது. நெரிசலான நகரத்தின் வறுமையை ராப்பில் சொன்ன பாட்டு. 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று முதல்முறை பட்டியல் போட்டபோதே அதில் இருந்தது. அதைப் பெரும்பாலும் எழுதியவர் ட்யூக் பூட்டி, அந்தக் குழுவில் இல்லாதவர். குழுவுக்கு முதலில் அந்தப் பாட்டே பிடிக்கவில்லை. பதிவில் ராப் பண்ணுவது ட்யூக் பூட்டியும், குழுவைச் சேர்ந்த மெலி மெல்லும்தான். கடைசிப் பகுதி மெலி மெல் முன்பே வேறொரு பாட்டுக்கு எழுதியது. அட்டையில் இருக்கும் பெயருக்கும் உள்ளே இருக்கும் வாய்க்கும் இவ்வளவு தூரம். அதற்காக அதைத் திருட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எம்.சி. பிக் டேடி கேன் மற்ற எம்.சி.களுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார், பிஸ் மார்க்கிக்கும் ராக்சேன் ஷான்டேவுக்கும். பிஸ் மார்க்கி கூட்டத்தின் முன் நின்றபோது எம்.சி. இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? நேற்று எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். கேட்டு வாங்குவதற்கும் கேட்காமல் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்லியிருக்க வேண்டும். காஸுக்கு நடந்தது இன்னமும் அநியாயம்தான்.

ஜூலை 20

ஃப்ரீஸ்டைல் என்றால் அந்த நிமிடத்தில் கட்டிச் சொல்வது என்று பின்னூட்டம் ஒன்றில் நானே எழுதியிருந்தேன். இன்றைய வழக்கில் சரி. ஆனால் பிக் டேடி கேன் தலைமுறை அந்தச் சொல்லை வேறு பொருளில்தான் வைத்திருந்தது: குறிப்பிட்ட பொருள் எதுவும் இல்லாமல், கட்டின்றி எழுதிய வரிகள். எழுதியவைதான். அங்கேயே கட்டுவதற்கு வேறு சொல், தலையின் உச்சியிலிருந்து வருவது என்பார்கள். ஆகவே பழைய எம்.சி. ஒருவர் ஃப்ரீஸ்டைல் என்று சொல்லி எழுதி வைத்ததைப் பாடினால் அவர் ஏமாற்றுகிறார் என்று எண்ண வேண்டாம்.

வட்டமாக நின்று மாற்றி மாற்றிச் சொல்வதற்கு சைஃபர் என்று பெயர். ஹார்லெமில் 1964-இல் தோன்றிய ஃபைவ் பெர்சென்டர்கள் என்ற இயக்கத்தின் பேச்சிலிருந்து வந்த சொல். வட்டத்தில் உங்கள் முறை வரும் வரை உங்கள் வரியை நினைத்துக்கொண்டிருந்தால் தோற்றீர்கள். முன்னால் சொன்னவரின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதில்தான் மரியாதை. அந்தாதி மாதிரி.

ஜூலை 27

யார் பெரியவர் என்ற கேள்வி மறுபடி வந்திருக்கிறது. எனக்கு அதற்குப் பதில் ஒரே ஒரு இரவு. 1981 டிசம்பர், ஹார்லெம் வேர்ல்ட் என்ற கிளப். பிஸி பீ ஸ்டார்ஸ்கி கூட்டத்தைக் கையில் வைத்து ஆட்டுவதில் மன்னன். பொருளில்லாத ஒலிகளைச் சொல்வார், கூட்டம் திருப்பிச் சொல்லும், இடம் அதிரும். அன்று யாரையும் வெல்வேன் என்று பெருமை பேசினார். ட்ரெச்சரஸ் த்ரீ குழுவின் கூல் மோ டீ அதைக் கேட்டு மேடை ஏறினார். உன் பழைய ஒலியெல்லாம் மூட்டை கட்டு என்று தொடங்கி, உன் பெயரில் உள்ள ஸ்டார்ஸ்கியே லவ்பக் ஸ்டார்ஸ்கி என்ற இன்னொரு எம்.சி.யிடம் கடித்ததுதானே என்பது வரை நெருக்கி நெருக்கி வரி போட்டார். கூட்டம் கட்சி மாறியது. அந்த ஒலிப்பதிவு கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதியாகி நகரமெல்லாம் போனது.

அன்றோடு கூட்டத்தைக் குதூகலப்படுத்தும் ஆள் போய், வரி எழுதும் ஆள் வந்தார். நான் மோ டீ பக்கம். முழுக்க அவர் பக்கம்.

ஆகஸ்ட் 11

ஹெர்க்கின் பார்ட்டி நடந்த இந்தத் தேதியில் எழுதாமல் இருக்க முடியாது. 2012 கோடையில் செட்ஜ்விக் அவென்யூவுக்குப் போனேன். ரயிலிலிருந்து இறங்கிச் சரிவில் நடந்தால், ஒரு பக்கம் நெடுஞ்சாலை இரைச்சல், அதற்கு அந்தப் பக்கம் ஹார்லெம் ஆறு. உயரமான பழுப்புச் செங்கல் கட்டடம். வாசலில் ஒரு பாட்டி மளிகைப் பையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். படம் எடுக்க வந்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்த ஊர் என்றார், சொன்னேன். உன் பெயர் என்ன என்று கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்துச் சரியாகப் பிடித்துக்கொண்டார். நான் எடுத்த படங்கள் பழைய ஃபோனோடு போய்விட்டன. அவர் என் பெயரைச் சொல்லிப் பழகியது மட்டும் காதில் இருக்கிறது.

ஆகஸ்ட் 24

ஜூலை 27-இல் எழுதியதைத் திருத்த வந்திருக்கிறேன்.

நாங்கள் சென்னையில் மாதம் ஒரு ஞாயிறு ஒரு மொட்டை மாடியில் கூடுகிறோம். முப்பது பேர் இருக்கும். நேற்று மூன்றாவது ஆள் பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பீட் இல்லை, மைக் இல்லை, இருட்டு. நன்றாக எழுதுகிற நாலைந்து பேர் இருந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சிலர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், எங்கள் போட்டி எதிலும் ஜெயித்ததில்லை, அவள் வரிகள் இன்னும் பழுக்கவில்லை என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து நாலு தட்டு தட்டினாள். பிறகு இருட்டில் யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைவிலேயே ஒவ்வொருவர் பெயராகச் சொன்னாள். பெயருக்கு ஒரு வரி. முதல் தடவை வந்தவர் பெயரும் தெரிந்திருந்தது, வரும்போதே கேட்டு வைத்திருக்கிறாள். பெயர் வந்தவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைச் சேர்ந்து சொல்ல வேண்டும். இருபது நிமிடம். கீழ்வீட்டுக்காரர்கள் திட்ட வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். கரண்ட் வந்த பிறகும் பீட்டைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

நான் எழுதி வைத்திருந்த எதுவும் நேற்று அந்த மாடியில் அந்த வேலையைச் செய்திருக்காது. மோ டீ அன்று ஜெயித்தது நியாயம்தான், அவர் வரிகள் சிறந்தவை. ஆனால் பிஸி பீ செய்துகொண்டிருந்ததை நான் சின்ன வேலை என்று நினைத்தது தவறு.

ஆகஸ்ட் 25

பிஸி பீ பற்றி இன்னொரு தகவல். நான்கு வருடம் கழித்து, 1985-இல் நியூயார்க்கில் நடந்த நியூ மியூசிக் செமினார் போட்டியின் இறுதிச்சுற்றில் அவர் ஜெயித்தார். எதிரே நின்றவர் ராக்சேன் ஷான்டே, வயது 15. அதற்கு முந்தைய வருடம், 14 வயதில், க்வீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் தயாரிப்பாளர் மார்லி மார்லின் வீட்டில், யு.டி.எஃப்.ஓ. குழுவின் பாட்டுக்குப் பதிலாக ஒரே மூச்சில் ஒரு பாட்டைப் பதிவு செய்தவர். துணி துவைக்கப் போகும் வழியில் பாடிவிட்டுப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலுக்குப் பதில், அதற்குப் பதில் என்று எத்தனையோ பாட்டுகள் கிளம்பின. அந்த இறுதிச்சுற்றில் அவர் தோற்றதற்கு அவர் பெண் என்பதும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு நடுவர் அவருக்கு வேண்டுமென்றே குறைத்துப் போட்டதைப் பிறகு ஒப்புக்கொண்டார். நேற்று அந்த மாடியைப் பற்றி எழுதிவிட்டு இதை எழுதாமல் இருப்பது சரியில்லை.

ஆகஸ்ட் 26

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, வேகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றீர்களே என்கிறார். சரி. வேகம் புதிதல்ல. அதை 1980-லேயே தட்டில் பதித்துக் காட்டியது கூல் மோ டீயின் ட்ரெச்சரஸ் த்ரீதான். சிகாகோவின் ட்விஸ்டா 1992-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். அது கடினமான திறமை, நாக்கும் மூச்சும் வருடக்கணக்கில் பழக வேண்டும். உங்கள் நண்பர்கள் அதை ரசிப்பதில் தவறே இல்லை.

செப்டம்பர் கூட்டம் மூன்றாவது ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு. அவர்களையும் கூட்டி வாருங்கள். வாசலில் அந்தப் பெண் நிற்பாள், பெயரைச் சொல்லிவிட்டு மேலே வாருங்கள்.